ஆவுடையப்பன் இரவலுக்கு இல்லை

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில், எடுத்த புத்தகத்தை உரிய தேதிக்குள் திருப்பித் தராவிட்டால் அபராதமாகப் பணம் வாங்குவதில்லை. எடுத்தவர் வீட்டிலிருந்து, அந்தப் புத்தகத்தின் தடிமனுக்குச் சரியான ஒன்றைத் தேடிக் கொண்டுபோய், புத்தகம் இருந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். அலமாரியில் சந்து விழக்கூடாது என்பது அங்கே சட்டம். சந்து விழுந்தால் பக்கத்துப் புத்தகங்கள் சரியும். சரிந்த புத்தகத்தின் முதுகு ஒடியும். ஒடிந்த முதுகில் கரப்பான் குடியேறும்.

ஆகவே பொருளாதாரப் பகுதியில் ஒரு குத்துவிளக்கு இருந்தது. வரலாற்றில் இரண்டு இட்லிக் கொப்பரைகள். தமிழ்ப் பகுதியில் ஒரு தையல் மெஷினும், யாரோ ஒருவருடைய சின்ன மாமனார் கொண்டுவந்த மரப்பெட்டியும். அலமாரிக்கு வந்துவிட்ட எதுவானாலும் எண் எழுதி, தேதிச் சீட்டு ஒட்டி, கேட்டவர்களுக்கு இரவல் கொடுப்பார்கள். நூலகம் என்றால் அதுதானே வேலை. இட்லிக் கொப்பரைகளுக்கு எப்போதும் முன்பதிவு இருந்தது. வரலாற்றுப் புத்தகம் எதற்கும் அந்த யோகம் வாய்த்ததில்லை.

செண்பகவடிவு தாவரவியல் துறையில் விரிவுரையாளர். எல்லோருக்கும் வடிவு மேடம். ஐப்பசி மாதத்தில், மாணவர் விடுதிக்குப் பின்னால் இருந்த கல்குவாரி ஓரமாக ஒரு புல்லைப் பார்த்தாள். உலகத்தில் யாரும் இதுவரை பார்க்காத புல் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. புல்லைப் பக்குவமாகக் காயவைக்கவேண்டுமானால் கனத்த புத்தகத்துக்குள் வைத்து மேலே பாரம் ஏற்றவேண்டும். அவளிடம் இருந்த ஒரே கனத்த புத்தகம், தென்னாட்டுப் புல்வகைகளைப் பற்றி நூலகத்திலிருந்து எடுத்து வந்ததுதான். இரண்டு தலையணையை அடுக்கிவைத்தாற்போல இருக்கும். புல்லை நடுப்பக்கத்தில் பரத்தி, மூடி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள்.

அது அடைமழைக் காலம். சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது, புல் எங்கே காயும்? தவணைத் தேதி போயிற்று. ஐப்பசியும் போயிற்று. நூலகத்திலிருந்து கார்டு மேல் கார்டாக வந்தது. பாதி காய்ந்த புல்லை எடுத்தால் பூசணம் பிடித்துவிடும் என்று அவள் பதில் எழுதினாள். அது நியாயம்தான் என்று நூலகமும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட கையோடு டேப்பைக் கொடுத்து ஆள் அனுப்பியது.

வந்தவர் இசக்கிமுத்து, நூலக உதவியாளர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வடிவு கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வீட்டை அளக்க ஆரம்பித்தார். கிரைண்டர் கூடுதலாக இருந்தது. இஸ்திரிப் பெட்டி குறைச்சல். மகள் மீனலோசனியை அளந்து பார்த்தார்; கொண்டை இடித்தது. பீரோவைக் கேட்கவே வேண்டாம். கடைசியில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனிடம் வந்து, கொஞ்சம் எழுந்து பக்கவாட்டில் நிற்க முடியுமா என்று கேட்டார்.

ஆவுடையப்பன் வடிவின் கணவர். ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் உடம்பில் ஒரு பிடி சதை ஏறியதில்லை. அது தன் சமையலுக்குக் கெட்டபெயர் என்று வடிவு நினைத்துக்கொண்டிருந்தாள்.

“மூச்சை நல்லா வெளிய விடுங்க அண்ணாச்சி,” என்றார் இசக்கிமுத்து.

விட்டார். டேப்பில் ஒரு நூல் பிசகவில்லை.

கிரைண்டரின் கல்லை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாமே என்று வடிவு கேட்டுப் பார்த்தாள். உறுப்புக் குறைந்த சாமானை நூலகம் ஏற்பதில்லை என்றார் இசக்கிமுத்து. ஆவுடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டார். சீட்டை முதுகில் ஒட்டுவீர்களா நெஞ்சில் ஒட்டுவீர்களா என்று மட்டும் விசாரித்தார். முதுகில் ஒட்டினால் வண்டியில் ஏற்றுகிறவன் பார்க்கமாட்டான், நாகர்கோவில் சரக்கு நாக்பூர் போய்விடும் என்பது அவருடைய அனுபவம். நெஞ்சில் ஒட்டினார்கள்.

அவருக்குக் கிடைத்த இடம் பெரணிகளைப் பற்றிய புத்தகத்துக்கும் மூங்கில்களைப் பற்றிய புத்தகத்துக்கும் நடுவில். கீழ்த்தட்டு. நேர் மேலே மின்விசிறி. வீட்டில் அவர் படுக்கும் பக்கம் மின்விசிறிக் காற்று எட்டியதில்லை.

முதலில் அவரை எடுத்தவன் இயற்பியல் இரண்டாம் வருஷத்துப் பையன். துறைத் தலைவர் அவனை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்று சொல்லியிருந்தார். அவனுடைய சொந்த அப்பாவுக்கு அவன் கல்லூரியில் சேர்ந்ததே சரியாகத் தெரியாது. டோக்கனைக் கொடுத்து ஆவுடையப்பனை எடுத்துப்போனான். ஆவுடையப்பன் துறைத் தலைவர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொல்லி முடிந்ததும் பெருமூச்சு விட்டார். பார்சல் ஆபீசில் உடைந்த ஊறுகாய் ஜாடிக்கு உடையவன் வந்து கத்தும்போது விடுகிற அதே பெருமூச்சு. துறைத் தலைவருக்கு மனம் இளகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் அலமாரியில் தங்கிய நேரம் குறைவு. காலையில் வேதியியல், மத்தியானம் வணிகவியல், சாயங்காலம் விடுதிக் காப்பாளர். ஒரே தகப்பனார் இத்தனை பையன்களுக்கும் வருவதைத் துறைத் தலைவர்கள் கவனிக்காமல் இல்லை. பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று சொல்லி, அவருக்கு முதுகுக்குத் திண்டு வைத்துக் கொடுத்தார்கள்.

ஒருநாள் வடிவே தன் வகுப்பில் மைக்ராஸ்கோப் ஸ்லைடுகளை உடைத்த ஒருவனை அப்பாவோடு வரச் சொல்லியிருந்தாள். ஆவுடையப்பனோடு வந்து நின்றான். வடிவு எதையும் விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, பையன் பக்கம் திரும்பி, “இதுக்காகவாலே ஒன்னைய வயித்தைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைக்கேன்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை மன்னிப்பதாக வடிவு சொன்னாள். வெளியே போகும்போது, காஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று தணிந்த குரலில் கேட்டார். வந்துவிட்டது என்று அவளும் தணிந்த குரலில் சொன்னாள்.

வம்பு வந்தது அரையாண்டு விடுமுறையில். கரிசல்காட்டுப் பையன் ஒருவன் அவரை ஊருக்கே கொண்டுபோய்விட்டான். போன இடத்தில் உளுந்து பிடுங்க ஆள் இல்லை. தவணை தாண்டியும் அவர் திரும்பவில்லை. சட்டப்படி இசக்கிமுத்து பஸ் பிடித்துப் போய், பையன் வீட்டுத் தொழுவிலிருந்து ஒரு கன்றுக்குட்டியை அளந்து எடுத்துவந்து ஆவுடையப்பன் இடத்தில் வைத்தார். அது பெரணிகளைப் பற்றிய புத்தகத்தில் முதல் அத்தியாயத்தைத் தின்றுவிட்டது. ஆவுடையப்பன் உளுந்து தூசியோடு கறுத்துத் திரும்பியபோது, நூலகர் தேவசகாயம், புத்தகம் தின்கிற கன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரைப் பழைய இடத்தில் வைத்து, அவருடைய சீட்டின் மேல் சிவப்பு மையில் ‘ரெஃபரன்ஸ்’ என்று முத்திரை குத்தினார். இனி அவரை யாரும் வெளியே எடுத்துப்போக முடியாது. வேண்டுமானால் வந்து, உட்கார்ந்து, பார்த்துவிட்டுப் போகலாம். மறுநாளிலிருந்து துறைத் தலைவர்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

அதே வாரம் வடிவின் புல் காய்ந்துவிட்டது. அம்மிக்கல்லை இறக்கி, புத்தகத்தைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சாதாரணக் கோரை. அதன் படம் அதே புத்தகத்தில், அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

தை பிறந்தால் மீனலோசனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குற்றாலநாதன், மின்வாரியத்தில் வேலை. பத்திரிகை அடித்தாயிற்று. அப்பா தாரை வார்த்துக் கொடுக்காமல் மணையில் உட்காரமாட்டேன் என்று லோசனி சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அவள் வடிவைக் கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா சைலப்பனும், எங்கள் பக்கத்தில் தகப்பன் உயிரோடு இருக்கும்போது சித்தப்பன் தாரை வார்க்கிற வழக்கம் கிடையாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வடிவு புத்தகத்தைத் தோளில் சுமந்துகொண்டு நூலகத்துக்குப் போனாள்.

தேவசகாயம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நடுப்பக்கத்தில் இருந்த பச்சைக் கறையைத் தடவினார். பிறகு அதை அவள் பக்கமே நகர்த்தினார்.

“இதை எங்க வைக்கச் சொல்லுதீங்க மேடம்? அந்த இடத்துலதான் சார் இருக்காரே.”

அவரை எடுத்துவிட்டு இதை வைக்கலாம் என்றாள் வடிவு. ரெஃபரன்ஸ் ஆனதை எடுக்க முடியாது என்றார் தேவசகாயம். அப்படியானால் தன் டோக்கனில், முகூர்த்த நாளுக்கு மட்டும் இரவல் கொடுங்கள் என்றாள்.

“இன்னைக்குக் கல்யாணத்துக்குக் குடுத்தா, நாளைக்குக் காதுகுத்துக்குக் கேப்பாங்க,” என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய வீட்டு ஊஞ்சலே அங்கே தத்துவப் பகுதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வடிவு நேராகக் கீழ்த்தட்டுக்குப் போனாள். கணவர் பக்கத்தில் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். அவன் போகும்வரை காத்திருந்தாள். பிறகு, பேசாமல் எழுந்து தன்னோடு வாசல் வழியாக நடந்து வந்துவிடும்படி சொன்னாள். காவல்காரர் மதியம் தூங்குவார் என்றும் சொன்னாள்.

ஆவுடையப்பன் நெஞ்சிலிருந்த சீட்டைத் தொட்டுக்காட்டினார். “என் சர்வீஸ்ல சீட்டு இல்லாம ஒரு புளிமூட்டை நகந்தது கிடையாது, வடிவு. நானே நகந்தா நல்லாவா இருக்கும்?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் சற்றுத் தெளிச்சியாக இருந்தார். வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. என்ன காய் வாங்க, எந்தப் புடவை எடுக்க, லோசனிக்கு எந்த இடம் பார்க்க, எல்லாம் அவளே முடிவு செய்வாள். அவரும் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். இங்கே ஊர்ப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும், லோசனி தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே, அப்பா கல்யாணத்துக்கு வரமுடியாவிட்டால் கல்யாணம் அப்பாவிடம் போகட்டும் என்றாள். பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை அடித்துவிட்டு ‘வாசிப்புக் கூடம்’ என்று பேனாவால் எழுதினார்கள்.

முகூர்த்தத்தன்று கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் வாசலில் தற்காலிக உறுப்பினர் அட்டை கொடுக்கப்பட்டது. பை, குடை, கூஜா எல்லாம் வெளியே. சமையல் மரத்தடியில். தேவசகாயம் வாசலில் நின்று, உள்ளே பேச்சு கூடாது, நெருப்பு கூடாது, நீர் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பிச் சொல்லி, சந்தனமும் கொடுத்தார்.

எல்லோரும் உள்ளே போனபிறகும் சம்பந்தி சைலப்பன் படியிலேயே நின்றார். விசாரித்ததில், அவரும் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றும், அந்தக் காலத்தில் எடுத்த ஒரு கவிதைப் புத்தகத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றும் தெரிந்தது. இசக்கிமுத்து டேப்பை எடுத்தார். கவிதைப் புத்தகமானதால் மெலிசு. சைலப்பனின் கைத்தடி சரியாக இருந்தது. அதைக் கவிதைப் பகுதியில் வைத்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆவுடையப்பனின் அலமாரிக்கு முன்னால் மணை போட்டிருந்தது. மேளக்காரர்கள் விதியை மதித்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து விரலை மட்டும் ஓட்டினார். தவில்காரர் தோலுக்கு ஓர் அங்குலம் மேலே வாசித்தார். கல்யாணி என்பது பார்க்கும்போதே தெரிந்தது. சங்கீத ஞானம் உள்ள சித்தப்பா ஒருவர் ரசித்துக் கண்ணை மூடினார். மூடியதும் கேட்காமல் போனதால் மறுபடி திறந்துகொண்டார்.

நெருப்புக்குப் பதிலாகக் கலைக்களஞ்சியத்தில் தீயைப் பற்றிய தொகுதியை எடுத்து, வண்ணப்படம் உள்ள பக்கத்தில் விரித்துவைத்தார்கள். புரோகிதர் அதன் முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்தார். நெய்யை மட்டும் அவர் காகிதத்தில் விடவில்லை. கரண்டியைக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெண்கள் புகை தாங்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெண்ணுக்கு உடன்பிறந்தவன் பொரி அள்ளித் தரவேண்டும் என்று புரோகிதர் சைகை செய்தார். லோசனிக்கு அண்ணன் தம்பி இல்லை. ஆனால் ஆவுடையப்பனைத் தகப்பனாகக் கொண்டிருந்த பையன்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். வரிசை தாவரவியலைத் தாண்டி, விலங்கியலைத் தாண்டி, வேதியியல் வரைக்கும் போயிற்று. இத்தனை மச்சினன்மாருக்கும் மாப்பிள்ளை வீட்டார் மோதிரம் போடவேண்டும் என்பதை நினைத்து, கைத்தடியில்லாத சைலப்பன் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. நீரைப் பற்றிய தொகுதியை இசக்கிமுத்து கொண்டுவந்து, அருவிப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து, ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். அவர் அலமாரியில் இருந்தபடியே முன்னால் குனிந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் கையை நீட்டினார்கள்.

அப்போது இயற்பியல் துறைத் தலைவர் மாசிலாமணி, ஒரு மாணவனைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். இவன் ஆய்வக நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான், தகப்பனாரிடம் உடனே பேசவேண்டும் என்றார். ஆவுடையப்பனின் கை நின்றது. ரெஃபரன்ஸ் பகுதியில், கேட்டு வந்த வாசகருக்குத்தான் முதலிடம். அது தேவசகாயம் எழுதி மாட்டியிருந்த விதி. ஆவுடையப்பன் தொகுதியை மூடப் போனார். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. லோசனி நீட்டிய கையை மடக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கீழுதடு, சின்ன வயதில் ஊசி போடும்போது நடுங்குமே, அப்படி நடுங்கிற்று. கூடம் முழுக்கத் தேவசகாயத்தைப் பார்த்தது. அவர் விதியைப் பார்த்தார்.

வடிவு எழுந்து மாசிலாமணிக்கு முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அந்தக் கூடத்தில் அது முடியவும் முடியாது.

“சார், உங்க பையன் இப்ப வந்தவன். இவ இருபத்துநாலு வருஷமா வரிசைல நிக்கா.”

மாசிலாமணி லோசனியைப் பார்த்தார். வரிசை என்றால் அவருக்கு மரியாதை உண்டு. காலரை விட்டுவிட்டு, மாணவனையும் கூட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றார். தேவசகாயம் விதியிலிருந்து கண்ணை எடுத்து, தலையை ஆட்டினார்.

ஆவுடையப்பன் தொகுதியைத் திறந்து, மகளின் கைக்கும் மாப்பிள்ளையின் கைக்கும் மேலாக மெல்லச் சாய்த்தார். பக்கம் முடிகிறவரை சாய்த்தார். குற்றாலநாதன் பிறகு ரகசியமாகத் துண்டு கேட்டான். முழங்கை வரை நனைந்திருந்தது. தாலி ஏறியபோது தவில்காரர் காற்றை வெளுத்துவாங்கினார். அட்சதை விழுந்த சத்தம்தான் அன்றைக்கு அங்கே கேட்ட பெரிய சத்தம்.

ஆளெல்லாம் பந்திக்குப் போனபின், வடிவு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணவர் மடியிலிருந்த பொரியைப் பொறுக்கினாள். எப்போது வீட்டுக்கு வருவதாக உத்தேசம் என்று கேட்டாள். அவரிடம் அவள் கேட்ட கேள்விகளில், பதில் தெரியாமல் கேட்டது அது ஒன்றுதான்.

“பரீட்சை முடியட்டுமே,” என்றார் ஆவுடையப்பன். “பயலுவளுக்கு இப்பந்தான் அப்பன் வேணும்.”

வடிவு எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். மாசிலாமணியிடம், உங்கள் முறை என்று சொல்லிவிட்டு, இலை போடப்பட்டிருந்த மரத்தடிக்குப் போனாள்.

மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். வடிவு ஒரு ஆளுக்குச் சமைத்தாள். அளவு தெரியாமல் முதல் வாரம் இரண்டு ஆளுக்கு மிஞ்சிற்று.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அழைப்பு மணி அடித்தது. மாசிலாமணியும் அந்த மாணவனும் நின்றார்கள். நூலகத்தில் வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது என்றார் அவர்.

“அவுக இங்க இல்லையே சார்,” என்றாள் வடிவு.

“தெரியும் மேடம். அதான் இங்க வந்தோம்.”

இருவரும் உள்ளே வந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஆவுடையப்பன் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. மாசிலாமணி அதற்கு எதிரே உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, மாணவனைப் பற்றிய குறைகளை ஒவ்வொன்றாக அதனிடம் சொன்னார். மாணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. பெருமூச்சும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாணவனுக்கு வேர்த்தது. ஆய்வக நோட்டைப் பார்த்து எழுதியதை ஒத்துக்கொண்டான். யாரும் கேட்காமலே, விடுதியில் பல்பு திருடியதையும் ஒத்துக்கொண்டான். பிறகு நாற்காலியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வடிவு காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் படியிறங்கும்போது மாசிலாமணி அவள் பக்கம் குனிந்து, இவர் அவரைவிடக் கண்டிப்பானவர் என்றார். நாளைக்கு இன்னும் மூன்று பையன்களைக் கூட்டிவரலாமா என்று கேட்டார்.

“கூட்டியாங்க சார்,” என்றாள் வடிவு. “ரெண்டு மணிக்கு மேல மட்டும் வேண்டாம். கொஞ்சம் கண் அசருவாக.”